கணித மேதை இராமானுஜனும் அடுத்தடுத்த எண்களும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை கணிதம்)

கணித மேதை இராமானுஜனைப் பற்றிய கட்டுரை இடம்பெறாத கல்லூரி ஆண்டு மலர் தமிழ்நாட்டில் அரிது. அவர் ஈரோட்டில் பிறந்ததும், கும்பகோணத்தில் வளர்ந்ததும், தேர்வில் தவறியதும், கேம்பிரிட்ஜ் சென்றதும், 1729 என்ற வாடகைக் கார் எண்ணைப் பற்றி அவர் கூறியதும் நாம் பள்ளிப் பருவம் முதற்கொண்டே கேட்டுப் பழகியவை. ஆனால் அவர் செய்த கணிதத்தில் ஒன்றையேனும் எடுத்துச் சொல் என்று யாரேனும் கேட்டுவிட்டால், நாமகிரித் தாயாரின் அருளைச் சொல்லிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். பிற துறை நண்பர்களைக் குறை சொல்வதற்கில்லை. கணிதத் துறையில் அமர்ந்திருக்கும் எங்கள் நிலையும் பெரிதும் அதுவே. ஆகவே, அப்பெருமகனாரின் வாழ்க்கையை ஒரே ஒரு கேள்வியின் துணைகொண்டு இங்கே சொல்ல விழைகிறேன். பத்தாம் வகுப்பு மாணவனுக்கும் புரியக்கூடிய கேள்விதான் அது.

ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். அதை வகுக்கும் வெவ்வேறு பகா எண்கள் எத்தனை? 12 என்ற எண்ணை 2, 3 என்ற இரண்டு பகா எண்களே வகுக்கின்றன. 30 என்ற எண்ணை 2, 3, 5 என்ற மூன்று வகுக்கின்றன. 32 என்ற எண்ணை 2 மட்டுமே வகுக்கிறது. இவ்வாறு ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் பகாக் காரணிகளின் எண்ணிக்கையை எழுதிக்கொண்டே போனால், அந்த வரிசை ஒழுங்கேதும் இன்றி ஏறி இறங்குவது போலத் தோன்றும். ஆனால் சில இடங்களில் அது திடீரென்று அமைதி கொண்டுவிடுகிறது. 54 முதல் 58 வரை ஐந்து எண்களுக்கும் சரியாக இரண்டு பகாக் காரணிகள். 91 முதல் 96 வரை ஆறு எண்களுக்கும் இரண்டு. 141 முதல் 148 வரை பாருங்கள்: 141-க்கு 3, 47, 142-க்கு 2, 71, 143-க்கு 11, 13, 144-க்கு 2, 3, 145-க்கு 5, 29, 146-க்கு 2, 73, 147-க்கு 3, 7, 148-க்கு 2, 37. எட்டு எண்கள், அனைத்துக்கும் இரண்டிரண்டு!

இந்த வரிசைகள் எவ்வளவு நீளும்? இரண்டு பகாக் காரணிகள் உள்ளவை மட்டும் 30 எண்கள் தொடர்ந்து வர இயலாது. ஏனெனில் எந்த 30 தொடர் எண்களிலும் 30-ஆல் வகுபடும் எண் ஒன்று இருந்தே தீரும். அதற்குக் குறைந்தது மூன்று பகாக் காரணிகள். எனவே 29-க்கு மேல் போகாது. இவ்வளவையும் தாளும் பென்சிலும் கொண்டு எவரும் கண்டுகொள்ளலாம். ஆனால் இத்தகைய ஒற்றுமை ஏன் அடிக்கடி நேர்கிறது என்று கேட்டால், விடை 1917ஆம் ஆண்டில் இராமானுஜன் ஹார்டியுடன் சேர்ந்து எழுதிய கட்டுரை ஒன்றில் தொடங்குகிறது. அந்தக் கட்டுரைக்கு அவர் வந்து சேர்ந்த வழியைப் பார்ப்போம்.

1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தாயைப் பெற்றோரின் இல்லத்தில் இராமானுஜன் பிறந்தார். (1887 என்பது 3, 17, 37 ஆகியவற்றின் பெருக்கல். அதற்கு முந்தைய 1886 என்பது 2, 23, 41. அதற்கும் முந்தைய 1885 என்பது 5, 13, 29. மூன்று ஆண்டுகளுக்கும் மும்மூன்று பகாக் காரணிகள்! விடுதியில் ஓர் இரவு இதைக் கணக்கிட்டுக் கண்டபோது அறை நண்பர்களை எழுப்பிச் சொன்னேன். வரலாற்று மாணவரான ஒருவர் மட்டும், 1885 காங்கிரஸ் தோன்றிய ஆண்டு என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.) தந்தையார் சீனிவாச அய்யங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதி வந்தார். தாயார் கோமளத்தம்மாள். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர்கள் வாழ்ந்த சிறிய ஓட்டு வீடு இன்றும் நினைவில்லமாகக் காக்கப்படுகிறது.

நகர உயர்நிலைப் பள்ளியில் அவர் பரிசுகள் பல பெற்ற மாணவர். 1903ஆம் ஆண்டில் கார் என்பவர் தொகுத்த கணித நூல் ஒன்று அவர் கைக்கு வந்தது. தேர்வுக்குப் படிப்போருக்கென ஆயிரக்கணக்கான வாய்பாடுகளை அடுக்கி, நிறுவல்களை ஓரிரு வரிகளில் முடித்துக்கொண்ட நூல் அது. உயர்ந்த நூல் என்று எவரும் அதைக் கொண்டாடுவதில்லை. ஆயினும் விடுபட்ட நிறுவல்களைத் தாமே கண்டறிய வேண்டிய கட்டாயம் அந்த இளைஞனைக் கணித அறிஞனாக்கியது. அதே நூல்தான், முடிவை எழுதிவிட்டு நிறுவலை மனத்திலேயே விட்டுவிடும் பழக்கத்தையும் அவருக்குத் தந்தது என்று கருதுகிறேன். இப்பழக்கம் பின்னால் அவருக்குத் தொல்லை தந்தது.

1904ஆம் ஆண்டில் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். கணிதம் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போயிற்று. ஜவுளிக் கடை வருமானத்தில் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுவது எங்ஙனம்? 1905ஆம் ஆண்டில் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்து 1906இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே உடலியல் பாடம் அவரை வாட்டியது. 1906, 1907 ஆகிய இரு ஆண்டுகளிலும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. அதன் பிறகு அவர் கல்லூரி மாணவராகவே இல்லை. இந்தப் பகுதியை நாம் ஒரு வேடிக்கைக் கதை போலச் சொல்லி நகைக்கிறோம். மேதைக்குத் தேர்வு எதற்கு என்று கேட்கிறோம். பட்டமில்லாதவனுக்கு 1907இல் வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்குத் தாள் வாங்கக் காசில்லை. தாளின் விலைக்கு அஞ்சிக் கற்பலகையில் எழுதி, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் ஏற்றினார். அழிந்துபோன வரிகளில் எத்தனை நிறுவல்கள் போயினவோ!

1909இல் ஜானகி அம்மையாரை மணந்தார். அம்மையாருக்கு அப்போது பத்து வயது. குடும்பம் வந்த பிறகு வேலை தேடியாக வேண்டும். 1910இல் திருக்கோவிலூரில் துணை கலெக்டராக இருந்தவரும் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவருமான இராமசாமி அய்யரைச் சென்று கண்டு தம் நோட்டுப் புத்தகங்களைக் காட்டினார். அவ்வழியே பிறரது அறிமுகம் கிடைத்தது. நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் சில காலம் மாதந்தோறும் பணம் தந்து காத்தார். 1912 மார்ச்சு முதல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தர் பணி. அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண அய்யர் தாமும் கணிதம் பயின்றவர். இரவுகளில் இருவரும் சேர்ந்து கணக்குப் போடுவார்களாம்.

1913 ஜனவரி 16ஆம் நாள் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதிய கடிதம் உலகறிந்தது. ஆனால் அதன் ஒரு பகுதியை நாம் பேசுவதில்லை. கொடுக்கப்பட்ட எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதை மிகத் துல்லியமாகத் தரும் வழியைக் கண்டுவிட்டதாக அக்கடிதத்தில் இராமானுஜன் தெரிவித்திருந்தார். அது தவறு. மற்ற வாய்பாடுகளில் கைகொடுத்த உள்ளுணர்வு பகா எண்களிடம் தோற்றுப்போயிற்று. பகா எண்கள் அப்படிப்பட்டவை. கோடிக்கணக்கான எண்கள் வரை ஒரு போக்கைக் காட்டிவிட்டு, அதன் பிறகு ஏமாற்றக்கூடியவை. இவற்றிடம் நிறுவல் ஒன்றே செல்லும். இராமானுஜன் இங்கிலாந்துக்குப் போய்க் கற்றுக்கொண்டவற்றுள் முதன்மையானது இதுவே என்பது என் எண்ணம்.

சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்தது. 1914 மார்ச்சு 17ஆம் நாள் கப்பலேறினார். அவர் போய்ச் சேர்ந்த சில திங்களில் முதல் உலகப் போர் மூண்டது. குளிர், காய்கறி உணவுக்குத் தட்டுப்பாடு, தனிமை. இவற்றுக்கிடையே 1915இல் ஒரு நீண்ட ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டார். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணைக் காட்டிலும் மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண்களைப் பற்றியது அது. 12, 24, 60, 120 என்று வரும் இந்த எண்களைத் தம் கையாலேயே கணக்கிட்டு 6746328388800 வரை பட்டியலிட்டார். அந்த எண்ணுக்கு 10080 வகுத்திகள்! பட்டியலில் 293318625600 என்ற ஒன்று மட்டும் விடுபட்டுப்போயிற்று. கணிப்பொறி இல்லாத காலத்தில், ஒரு கும்பகோணத்து இளைஞர் செய்த வேலை. விடுபட்ட அந்த ஒன்றைக் காணும்போது எனக்கு அவர்மீது மதிப்புக் கூடத்தான் செய்கிறது. 1916இல் ஆராய்ச்சியின்பேரில் கேம்பிரிட்ஜ் அவருக்கு பி.ஏ. பட்டம் வழங்கியது. எஃப்.ஏ. தேறாதவர் பி.ஏ. ஆனார்.

1915இல் அவர் ஆராய்ந்தவை விதிவிலக்கான எண்கள். காரணிகளால் நிரம்பி வழியும் செல்வந்த எண்கள். அவற்றை முடித்த கையோடு ஹார்டியும் அவரும் எதிர்ப்பக்கம் திரும்பினர். செல்வந்தர்கள் இருக்கட்டும், சாதாரண எண் எப்படி இருக்கும்? கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெரிய எண்ணைத் தொட்டால் அதற்கு எத்தனை பகாக் காரணிகள் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம்?

அவர்கள் கண்ட விடை வியப்பானது. அந்த எண்ணின் இயல் மடக்கையை எடுங்கள். வந்த விடைக்கு மீண்டும் ஒரு முறை மடக்கை எடுங்கள். ஏறத்தாழ எல்லா எண்களுக்கும் பகாக் காரணிகளின் எண்ணிக்கை இந்த மதிப்பை ஒட்டியே இருக்கும். விலகி நிற்பவை இருக்கின்றன. ஆனால் மேலே போகப் போக அவற்றின் விகிதம் தேய்ந்து சுழியத்தை நெருங்குகிறது. இந்த மதிப்பு எவ்வளவு மெதுவாக வளர்கிறது என்பதைப் போட்டுப் பார்த்தால்தான் நம்புவீர்கள். ஒரு கோடியின் இயல் மடக்கை ஏறத்தாழ 16.1, அதன் மடக்கை 2.8 அளவே. 1-க்குப் பின் 80 சுழியங்கள் இட்ட எண்ணுக்கு முதல் மடக்கை 184. அதன் மடக்கை 5.2 தான். அவ்வளவு பெரிய எண்ணும், சாதாரணமானதாக இருந்தால், ஐந்தாறு பகாக் காரணிகளோடு நின்றுவிடுகிறது!

நிறுவிய முறையும் அழகானது. ஒரு பகாக் காரணி மட்டும் கொண்டவை ஓர் எல்லைக்குள் எத்தனை, இரண்டு கொண்டவை எத்தனை, மூன்று கொண்டவை எத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் மேல் வரம்பு காணவேண்டும். ஒன்றுக்குக் கண்டதிலிருந்து இரண்டுக்கும், இரண்டுக்குக் கண்டதிலிருந்து மூன்றுக்குமாகத் தொகுத்தறி முறையில் ஏறிச் சென்றார்கள். நடு மதிப்பிலிருந்து இருபுறமும் விலக விலக அந்த வரம்புகள் விரைவாகச் சிறுத்துப்போகின்றன. அவற்றைக் கூட்டினால், விலகி நிற்பவை மொத்தத்தில் அற்பமே என்பது விளங்கும். உள்ளுணர்வை மட்டும் நம்பிப் பகா எண்களிடம் 1913இல் ஏமாந்தவர், நான்கே ஆண்டுகளில் அதே பகா எண்களைப் பற்றி ஒவ்வொரு படியையும் நிறுவிக் காட்டும் கட்டுரையில் பங்குகொண்டார்.

தொடர் எண்களின் ஒற்றுமைக்கும் இங்கேதான் காரணம் கிடைக்கிறது. நடு மதிப்பு ஆமை போல் நகர்வதால் ஓர் எண்ணுக்கும் அதன் அண்டை எண்களுக்கும் அது ஒன்றேதான். எல்லா எண்களும் அந்த ஒரே மதிப்பைச் சுற்றியே நெருங்கி நிற்பதால், அடுத்தடுத்த இரண்டு எண்கள் ஒரே எண்ணிக்கையைப் பெறுவதில் வியப்பில்லை. முதல் 100 எண்களை எண்ணிப் பார்த்தேன். 56 எண்களுக்கு இரண்டு பகாக் காரணிகள். 35 எண்களுக்கு ஒன்று. 8 எண்களுக்கு மூன்று. 1 என்ற எண்ணுக்கு எதுவுமில்லை. பாதிக்கு மேல் இரண்டு என்றால் 54 முதல் 58 வரையும், 91 முதல் 96 வரையும் வரிசைகள் கிடைக்காமல் வேறென்ன செய்யும்?

அந்தக் கட்டுரை வெளிவந்த 1917ஆம் ஆண்டிலேயே இராமானுஜன் நோயில் விழுந்தார். காசநோய் என்று கருதியே மருத்துவம் நடந்தது. (கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று 1994இல் ஒரு மருத்துவ ஆய்வு கூறியது.) இரண்டாண்டுகள் மருத்துவமனை மாற்றி மருத்துவமனை. 1918இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அதே ஆண்டில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவாகத் தேர்வு பெற்ற முதல் இந்தியருமானார். புட்னியில் படுக்கையில் இருந்தவரைக் காண ஹார்டி வந்த வாடகைக் காரின் எண்தான் 1729. இரண்டு கன எண்களின் கூடுதலாக இரு வழிகளில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அது என்று இராமானுஜன் உடனே சொன்ன கதையை நான் மீண்டும் சொல்லப் போவதில்லை. நம் கேள்விக்குரியது வேறொன்று உண்டு. 1729 என்பது 7, 13, 19 ஆகியவற்றின் பெருக்கல். அடுத்த எண்ணான 1730 என்பது 2, 5, 173. இரண்டுக்கும் மும்மூன்று பகாக் காரணிகள். இரண்டுக்கும் எட்டெட்டு வகுத்திகள்.

1919இல் தாயகம் திரும்பினார். 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னைச் சேத்துப்பட்டில் காலமானார். வயது 32. இறுதித் திங்கள்களிலும் படுக்கையில் இருந்தபடியே எழுதிய தாள்கள் டிரினிட்டி நூலகத்தில் கிடந்து 1976இல் வெளிச்சத்துக்கு வந்தன. ஜானகி அம்மையார் 1994 வரை வாழ்ந்தார்.

1917ஆம் ஆண்டுக் கட்டுரை பல காலம் பெரிதாகக் கவனிக்கப்படாமல் கிடந்தது. 1934இல் ஹங்கேரி நாட்டு இளைஞர் பால் டுரான் அதற்கு மிக எளிய நிறுவல் ஒன்று தந்தார். நம் புள்ளியியல் வகுப்பில் கற்கும் மாறுபாட்டுக் கணக்கின் சாயலே அதில் இருந்தது. 1939இல் பிரின்ஸ்டனில் மார்க் கட்ஸ் என்பார் ஆற்றிய சொற்பொழிவைக் கேட்டுக்கொண்டிருந்த பால் எர்டிஷ், நடு மதிப்பைச் சுற்றிப் பகாக் காரணிகளின் எண்ணிக்கை பரவியிருக்கும் வடிவம் நம் மணி வடிவ வளைவேதான் என்பதை அங்கேயே நிறுவிவிட்டார். எண்ணியலும் நிகழ்தகவும் கைகோத்தன. இதற்கு வித்திட்ட 1917ஆம் ஆண்டுக் கட்டுரையில் நிகழ்தகவு என்ற சொல்லுக்கே வேலை இல்லை என்பது வேடிக்கை.

1952இல் எர்டிஷும் லியோன் மிர்ஸ்கியும் அடுத்தடுத்த எண்களைப் பற்றிய கேள்வியை எழுப்பினர். ஒரே எண்ணிக்கையில் வகுத்திகள் கொண்ட அடுத்தடுத்த எண்கள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்குமா? கணக்குப் போட்டுப் பார்ப்பவருக்கு ஆம் என்றே படும். ஆனால் நிறுவ வேண்டுமே! 1981இல் கிளாடியா ஸ்பைரோ என்ற அம்மையார், 5040 இடைவெளி உள்ள எண் இணைகள் அவ்வாறு முடிவில்லாமல் உள்ளன என்று நிறுவினார். 5040 இராமானுஜனின் 1915ஆம் ஆண்டுப் பட்டியலில் உள்ள எண் என்பது தற்செயலே ஆயினும் எனக்கு மகிழ்ச்சி தந்தது. அவரது வழியைப் பின்பற்றி 1984இல் ஹீத்-பிரவுன், இடைவெளி 1 ஆக இருந்தாலும் அது உண்மை என்று காட்டினார். வெவ்வேறு பகாக் காரணிகளின் எண்ணிக்கையைக் கொண்டு கேட்டால் விடை கிடைக்க 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை ஷ்லாகே-புக்டா நிறுவினார்.

இது இணைகளுக்கு மட்டுமே. நீண்ட வரிசைகள்? 242 முதல் 245 வரை நான்கு எண்களுக்கும் ஆறாறு வகுத்திகள். 11605 முதல் 11609 வரை ஐந்துக்கும் எட்டெட்டு. 171893 முதல் 171899 வரை ஏழுக்கும் எட்டெட்டு. எட்டு வகுத்திகளோடு எட்டாவது எண் ஒன்று சேர முடியாது. எந்த எட்டுத் தொடர் எண்களிலும் 4-ஆல் வகுபட்டு 8-ஆல் வகுபடாத ஒன்று இருக்கும். அதன் வகுத்திகளின் எண்ணிக்கை 3-இன் மடங்காகவே அமையும். வகுத்திகளின் எண்ணிக்கை எட்டே ஆக இருக்கவேண்டும் என்று கட்டுப்படுத்தாமல், எதுவாயினும் ஒன்றாக இருந்தால் போதும் என்று விட்டுவிட்டால், நாம் விரும்பும் நீளத்துக்கு வரிசை கிடைக்கும் என்பதே அறிஞர்களின் ஊகம். அது இன்னும் நிறுவப்படவில்லை. துறை நூலகத்தில் ஹார்டி, ரைட் ஆகிய இருவர் எழுதிய எண்ணியல் நூல் இருந்தால் அதன் 22ஆம் இயலில் 1917ஆம் ஆண்டுத் தேற்றமும் டுரானின் நிறுவலும் உள்ளன. இரண்டாம் ஆண்டு மாணவரும் முயன்றால் படித்துவிடலாம்.